பிஎஸ்எல்-2 ஆய்வகங்களை மேற்பார்வையிடும்போது படிவத்துக்கு அப்பால் எதைப் பார்ப்பது?

துளிர்:
பல்கலைக்கழகம் ஒன்றில் உயிர்ப்பாதுகாப்பு அலுவலர் பொறுப்பு. பிஎஸ்எல்-2 (மிதமான ஆபத்துள்ள கிருமிகளைக் கையாளும் இரண்டாம் பாதுகாப்பு நிலை) ஆய்வகங்கள் இருபதுக்கு மேல். ஆண்டுப் படிவத்தில் எல்லாக் கேள்விக்கும் எல்லோரும் "ஆம்" என்றே எழுதித் தருகிறார்கள். ஆட்டோகிளேவ் (அழுத்த நீராவியால் கிருமியை அழிக்கும் இயந்திரம்) ஓடுகிறது, உயிர்ப்பாதுகாப்பு கேபினட்டில் (காற்றை உள்ளிழுத்து வடிகட்டும் வேலைப் பெட்டி) சான்று ஒட்டியிருக்கிறது. நேரில் போனால் எதைப் பார்த்தால் உண்மை நிலை பிடிபடும்? லென்டிவைரஸ் (செல்லுக்குள் மரபணுவைக் கொண்டுபோகப் பயன்படும் வைரஸ்) வேலையை ஒரு குழு புதிதாகத் தொடங்கவும் போகிறது. அனுமதிக்கு முன் என்ன கேட்க வேண்டும்?

நீராவி:
முதலில் ஆட்டோகிளேவ். கழிவு வெளியே போகும் கடைசி வாசல் அதுதான், தவறு அதிகம் ஒளிந்திருப்பதும் அங்கேதான்.

திரையில் 121 டிகிரி காட்டினால் அது அறையின் வெப்பம், பையின் நடுவில் இருக்கும் வெப்பம் அல்ல. பெட்ரி தட்டுகளை அடுக்கி, வாயை இறுகக் கட்டிய பைக்குள் நீராவி நுழையாது. உள்ளே மாட்டிய காற்று வெப்பத்தைத் தடுத்துவிடும். பை மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நிரம்பக் கூடாது. வாய் தளர்வாக இருக்கட்டும். காய்ந்த கழிவு என்றால் உள்ளே கால் லிட்டர் தண்ணீர் விடச் சொல்லுங்கள். நிறமாறும் டேப்பை நம்ப வேண்டாம். பையின் வெளிப்புறம் சூடுபட்டது என்பதற்கு மேல் அது எதையும் சொல்லாது.

அறையின் அடியில் இருக்கும் வடிகால் வலையைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். நீராவியை விடக் கனமான குளிர்காற்று அந்த வழியாகத்தான் வெளியேற வேண்டும். உருகி வழிந்த அகார் அங்கே பழுப்பாக இறுகியிருந்தால், காற்று வெளியேற முடியாமல் அடியிலேயே தங்கிவிடும். அதை யாருமே கழற்றிப் பார்த்ததில்லை என்றால், மற்ற "ஆம்"களையும் அதே கண்ணோடு பாருங்கள்.

சோதனை: ஜியோபேசில்லஸ் ஸ்டீரோதெர்மோஃபிலஸ் ஸ்போர் ஆம்பூலை (வெப்பம் தாங்கும் பாக்டீரியா வித்துகள் அடைத்த சிறு குப்பி) நூலில் கட்டி, வழக்கமாக வைக்கும் பைகளிலேயே கனமானதன் நடுவில் புதைத்து ஓட்டுங்கள். பிறகு 55–60 டிகிரியில் இன்குபேட்டரில் வையுங்கள், எத்தனை மணி நேரம் என்பது ஆம்பூல் உறையில் இருக்கும். ஆட்டோகிளேவுக்குள் போகாத ஆம்பூல் ஒன்றும் பக்கத்தில் இருக்க வேண்டும். அது நிறம் மாற வேண்டும், சோதனை ஆம்பூல் மாறக் கூடாது. இரண்டுமே மாறவில்லை என்றால் அது தேர்ச்சி அல்ல, ஸ்போர் செத்த ஆம்பூல், சோதனை செல்லாது.

ப்ளீச் சேர்த்த திரவத்தை ஆட்டோகிளேவில் வைக்கிறார்களா என்றும் கேளுங்கள். நச்சு வாயு கிளம்பும், உடனே நிறுத்த வேண்டிய பழக்கம்.

காற்றோட்டம்:
கேபினட் பற்றி. பேச்சு வழக்கில் எல்லாமே "லேமினார்" ஆகிவிடுவதால் ஒரு ஆபத்து உண்டு. கிளீன் பெஞ்ச் (மாதிரியை மட்டும் காக்கும், ஆளைக் காக்காத மேசை) காற்றை ஆளின் முகத்தை நோக்கித் தள்ளும். அதில் நோய்க்கிருமியோ மனித செல்லோ கையாளக் கூடாது. பெயரை நம்பாமல், முன்பக்கம் காற்று உள்ளே போகிறதா என்று டிஷ்யூ கீற்றைப் பிடித்துப் பாருங்கள்.

இரண்டாம் வகுப்பு ஏ2 கேபினட்டில் உள்ளிழுக்கும் வேகம் நொடிக்குச் சுமார் 0.5 மீட்டர்தான். முன் கிரில் (காற்றை உறிஞ்சும் துளைத் தட்டு) மேல் நோட்டுப் புத்தகம் வைத்தாலோ உள்ளே பன்சன் பர்னர் எரித்தாலோ அந்தக் காற்றுத் திரை கலைந்துவிடும். சான்றில் தேதியோடு இடத்தையும் பாருங்கள்: கேபினட்டை நகர்த்தியிருந்தால் பழைய சான்று செல்லாது, ஹெப்பா வடிகட்டியை (நுண்துகளைப் பிடிப்பது) சுற்றியுள்ள சீல் அசைந்திருக்கலாம்.

புதிதாகச் சேர்ந்த மாணவரிடம் மெதுவாக ஒன்று கேளுங்கள்: "இந்தக் குடுவை தரையில் விழுந்தால் என்ன செய்வீங்க?" எல்லோரும் வெளியேறி, கதவை மூடி, 30 நிமிடம் துளிகள் அடங்க விட வேண்டும். பிறகு காகிதத் துணியால் மூடி, புதிதாகக் கலந்த ப்ளீச்சை (1 பங்குக்கு 9 பங்கு தண்ணீர்) ஓரத்திலிருந்து நடுவுக்கு ஊற்றி, 20–30 நிமிடம் விட்டு, கண்ணாடித் துண்டுகளை இடுக்கியால் எடுக்க வேண்டும். "எத்தனால் தெளிப்பேன்" என்று பதில் வந்தால் பயிற்சி போதவில்லை. 70 சதவீத எத்தனால், கிருமி சாகத் தேவையான தொடர்பு நேரம் முடிவதற்குள் ஆவியாகிவிடும்.

வெக்டர்:
லென்டிவைரஸ் குழுவிடம் "எந்தத் தலைமுறை வெக்டர் (மரபணுவைச் சுமக்கும் வைரஸ்)?" என்பதோடு நிறுத்திவிடாதீர்கள். மூன்றாம் தலைமுறையில் மரபணுக்கள் நான்கு பிளாஸ்மிட்களில் (சிறு டிஎன்ஏ வளையங்கள்) பிரிந்திருப்பதால், பெருகும் வைரஸ் உருவாகும் வாய்ப்பு மிகக் குறைவு. ஆனால் பெருகாத வைரஸும் ஒரு முறை செல்லுக்குள் நுழைந்து டிஎன்ஏவில் ஒட்டிக்கொள்ளும். விஎஸ்வி-ஜி என்ற உறைப் புரதம் இருந்தால் ஏறத்தாழ எந்த மனித செல்லிலும் நுழையும். எனவே அது சுமக்கும் மரபணுதான் முக்கியம்: புற்றுநோய் மரபணுவா, கட்டியை அடக்கும் மரபணுவை முடக்கும் ஆர்என்ஏவா, டிஎன்ஏவை வெட்டும் கேஸ்9-உம் அதற்கு இடம் காட்டும் வழிகாட்டி ஆர்என்ஏவும் ஒரே வெக்டரிலா? அல்ட்ரா சென்ட்ரிஃப்யூஜில் (அதிவேகமாகச் சுழற்றும் இயந்திரம்) செறிவூட்டுகிறார்களா? விலங்குக்கு ஊசி போடுகிறார்களா? கடைசி இரண்டில் ஒன்றுக்கு "ஆம்" என்றாலும் தனிச் செயல்முறை எழுதி வாங்குங்கள்.

ஊசி குத்தினால்: சோப்பு நீரில் 15 நிமிடம் கழுவி, அன்றே மருத்துவரிடம் போக வேண்டும். வெக்டருக்கு ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸ், இன்டக்ரேஸ் என்ற இரு நொதிகளும் தேவை. அவற்றைத் தடுக்கும் மருந்து பற்றி மருத்துவர் முடிவு செய்வார். எந்த மருத்துவர், இரவில் யாரை அழைப்பது என்பது வேலை தொடங்கும் முன்பே சுவரில் ஒட்டியிருக்க வேண்டும்.

துளிர்:
மிக்க நன்றி. ஒரு சந்தேகம்: ஸ்போர் சோதனை தோற்றால், ஏற்கெனவே வெளியே போன கழிவு?

நீராவி:
இயந்திரத்தில் "பயன்படுத்தக் கூடாது" என்று ஒட்டிவிட்டு, சிறிய பை ஒன்றோடு மறுபடி சோதியுங்கள். சிறியது தேறி, பெரியது தோற்றால் தவறு அடுக்கிய விதத்தில்: நேரத்தைக் கூட்டி, பையைச் சிறிதாக்குங்கள். இரண்டும் தோற்றால் பழுது இயந்திரத்தில்.

கடைசியாகத் தேறிய நாளுக்கும் தோற்ற நாளுக்கும் இடையில் ஓடிய எல்லாச் சுற்றும் சந்தேகத்துக்குரியவைதான். மாதம் ஒரு முறை சோதித்தால் ஒரு மாதக் கழிவு, வாரம் ஒரு முறை என்றால் ஒரு வாரம். பையில் சுற்று எண்ணும் தேதியும் எழுதும் வழக்கம் இருந்தால், இன்னும் வளாகத்துக்குள் இருப்பவற்றைப் பிரித்தெடுத்து மறுபடி ஓட்டலாம். எடுத்துச் சென்றுவிட்ட பைகளுக்கு, கழிவை எடுப்பவர்களுக்கும் உயிர்ப்பாதுகாப்புக் குழுவுக்கும் அன்றே எழுத்தில் தெரிவியுங்கள்.