வெஸ்ட் ஆக்லாந்து, க்ரூக், பிஷப் ஆக்லாந்து: டர்ஹாம் சுரங்க ஊர் கிளப்புகளை நேரில் பார்த்தவர்கள் சொல்லுங்கள்

டார்லிங்டன் வாசி:

வடகிழக்கு இங்கிலாந்தில், டர்ஹாம் மாவட்டத்தில் வெஸ்ட் ஆக்லாந்து என்று ஒரு சின்ன ஊர். அதன் கால்பந்து கிளப் நார்தர்ன் லீகில் ஆடுகிறது. ப்ரீமியர் லீகுக்கு வெகு கீழே, நான்-லீக் என்று சொல்லும் உலகம் அது. ஆட்டக்காரர்கள் பகலில் வேறு வேலை பார்ப்பவர்கள். இங்கே குடிவந்த புதிதில் ஒரு சனிக்கிழமை சும்மா ஆட்டம் பார்க்கப் போனேன். கம்பித் தடுப்பில் சாய்ந்து நின்ற பெரியவர் ஒருவர், நான் புது ஆள் என்று தெரிந்ததும் கேட்ட முதல் கேள்வி: “யுவென்டஸை நாங்கள் எத்தனைக்கு எத்தனை ஜெயித்தோம் தெரியுமா தம்பி?”

ஆறுக்கு ஒன்று. 1911-ல், இத்தாலியின் பெரிய கிளப்பான யுவென்டஸின் சொந்த ஊரான டுரினில், பல நாட்டு கிளப்புகள் மோதிய ஒரு கோப்பையின் இறுதி ஆட்டத்தில். அதற்கு முன் 1909-லும் அதே கோப்பைக்கு இவர்கள்தான் இங்கிலாந்தின் சார்பில் போனார்கள். ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் அணியையும் சுவிட்சர்லாந்தின் வின்டர்தூர் அணியையும் தலா 2-0 என்று வென்றார்கள். போனவர்களில் பெரும்பாலோர் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளிகள். வேலைக்குப் போகாத நாளுக்குக் கூலி கிடையாது. கைக்காசைப் போட்டு, கடன் வாங்கி இத்தாலி வரை போயிருக்கிறார்கள்.

எப்படி இந்த ஊருக்கு அழைப்பு வந்தது என்பதற்கு ஒரு கதை சொல்வார்கள்: டபிள்யூ.ஏ. என்ற எழுத்துகளைப் பார்த்து, லண்டனின் வூல்விச் ஆர்சனலுக்கு (இன்றைய ஆர்சனல்) போகவேண்டிய கடிதம் வெஸ்ட் ஆக்லாந்துக்கு வந்துவிட்டதாம். நான் அதை நம்பவில்லை, ஆவணம் எதையும் யாரும் காட்டியதில்லை. ‘முதல் உலகக் கோப்பை’ என்று ஊரில் பெருமையாகச் சொல்வதும் கொஞ்சம் மிகைதான். 1908-லேயே டுரினில் பல நாட்டு கிளப்புகள் மோதிய போட்டி நடந்திருக்கிறது. அதனால் இவர்கள் செய்தது குறைந்துவிடாது.

என்னை உலுக்கியது வென்றதற்குப் பிறகு நடந்தது. இரண்டு முறை தொடர்ந்து வென்றதால் கோப்பை இவர்களுக்கே சொந்தம். ஆனால் ஊர் திரும்பியபோது கிளப் கடனில் மூழ்கியிருந்தது. வீட்ஷீஃப் விடுதியை நடத்திய அம்மாளிடம் கோப்பையைக் கொடுத்து 40 பவுண்டு வாங்கினார்கள். கிளப்பும் நிலைக்கவில்லை, 1914-ல்தான் வெஸ்ட் ஆக்லாந்து டவுன் என்ற பெயரில் மறுபடி எழுந்தது. கோப்பை திரும்ப வந்தது 1960-ல், 100 பவுண்டு கொடுத்து. ஐரோப்பாவையே ஜெயித்துவிட்டு வந்தவர்கள் அரை நூற்றாண்டு அந்தக் கோப்பை இல்லாமல் இருந்திருக்கிறார்கள். பெரியவர் இதைச் சொன்னபோது, நேற்று நடந்ததைச் சொல்வது போல அவர் குரலில் கோபம் இருந்தது.

உங்களுக்கும் இந்த ஊர்களில் இப்படி ஏதாவது நடந்திருந்தால் எழுதுங்கள்.

ஹப்புத்தளை மகள்:

அண்ணா, அந்தக் கோப்பையின் பெயரை நீங்கள் சொல்லவில்லையே! அது சர் தாமஸ் லிப்டன் கோப்பை. கிளப்பில் அதன் நகலைப் பார்த்தபோது என் கால் நகரவில்லை.

அதைக் கொடுத்தவர், 1890-ல் இலங்கைக்கு வந்து ஹப்புத்தளைப் பக்கம் தோட்டங்களை வாங்கிய அதே தேயிலை வியாபாரி லிப்டன்தான். கோப்பிச் செடிகள் (காப்பி) நோய் வந்து அழிந்து, நிலம் மலிவாகக் கிடைத்த காலம் அது. தம்பதென்னைத் தொழிற்சாலை இன்றும் ஓடுகிறது. அதற்கு மேலே அவர் உட்கார்ந்து மலையைப் பார்த்ததாகச் சொல்லும் இடத்துக்குச் சுற்றுலாக்காரர்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள். எங்கள் பாட்டி அந்தச் சரிவுகளில் கொழுந்து எடுத்தவர். தோட்டத் தொழிலாளிகளின் வரிசை வீடான லயத்தில் பிறந்து லயத்திலேயே இறந்தார்.

கிளப்பில் கோப்பையைக் காட்டியவரிடம் இதைச் சொன்னேன். அவர் தாத்தா சுரங்கத்தில் இருந்தவராம். பாட்டிக்கு என்ன கூலி, பெயர் கூப்பிட எத்தனை மணிக்குப் போகவேண்டும், மழையிலும் வேலை உண்டா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். காலையில் பெயர் கூப்பிடும் அந்தப் பெரட்டு என்றால் என்ன என்று விளக்கினேன். தன் தாத்தாவும் இருட்டில் இறங்கி இருட்டில் ஏறியவர் என்றார். லிப்டனை அவர் புகழவும் இல்லை, திட்டவும் இல்லை. நான் திட்டுவேன். அந்த வெள்ளிக்குள் எங்கள் மலையின் உழைப்பு இருக்கிறது. அந்தக் கோப்பைக்கு உண்மையான மரியாதையைக் கொடுத்தது அதை வென்றவர்கள்தான்.

அசல் கோப்பை 1994 ஜனவரியில் தொழிலாளர் மன்றத்திலிருந்து திருடு போனது. இதுவரை கிடைக்கவில்லை.

பிஷப் ஆக்லாந்து நர்ஸ்:

ஹப்புத்தளை மகள் எழுதியதைப் படித்து அழுதுவிட்டேன் அக்கா.

என் பங்குக்கு: பக்கத்து வீட்டுத் தாத்தா பிஷப் ஆக்லாந்து கிளப்பின் வெறியர். இந்த கிளப், சம்பளம் வாங்காத ஆட்டக்காரர்களுக்கான அமெச்சூர் கோப்பையை 10 முறை வென்றது. 1955, 56, 57 மூன்று வருடமும் விடவில்லை. ஆனால் தாத்தா பேசுவதெல்லாம் தோற்ற ஆட்டத்தைப் பற்றி. 1954 இறுதியில் எதிரி, சில மைல் தள்ளியிருக்கும் க்ரூக் டவுன். லண்டன் வெம்ப்ளி மைதானத்தில் 1 லட்சம் பேர் முன்னால் 2-2. நியூகாசிலில் மறு ஆட்டம், மறுபடி 2-2. மூன்றாவது ஆட்டம் மிடில்ஸ்பரோவில், க்ரூக் 1-0. சிறுவனாக அப்பா தோளில் உட்கார்ந்து அதைப் பார்த்தாராம். க்ரூக் பக்கம் இன்றும் கடைக்குப் போகமாட்டார், சத்தியமாக.

1958 மியூனிக் விமான விபத்தில் மான்செஸ்டர் யுனைடெட் அணி சிதைந்தபோது, இங்கிருந்து பாப் ஹார்டிஸ்டி, டெரெக் லூயின், வாரன் பிராட்லி மூவரும் கைகொடுக்கப் போனார்கள். பள்ளி ஆசிரியரான பிராட்லி பிறகு இங்கிலாந்து அணிக்கே ஆடினார்.

பந்துப் பைத்தியம்:

க்ரூக் என்றதும் ஜாக் கிரீன்வெல்லைச் சொல்லாமல் விடமுடியாது. அந்த ஊரில் பிறந்தவர், 1909-ல் வெஸ்ட் ஆக்லாந்துக்காக இரவல் ஆளாக டுரின் போனவர். 1912-ல் பார்சிலோனாவில் ஆடச் சேர்ந்தார், 1917 முதல் 1923 வரை அதன் பயிற்சியாளர். 1939-ல் பெரு அணி தென் அமெரிக்கக் கோப்பையை வென்றபோது பயிற்சியாளர் இவர்தான். பார்சிலோனா ரசிகர்களான என் நண்பர்களில் ஒருவருக்கும் இந்தப் பெயர் தெரியவில்லை, அது எனக்கு வருத்தம்தான்.

டார்லிங்டன் வாசி:

நன்றி தங்கச்சி, லிப்டன் பெயரை நீங்கள் சொன்னதுதான் பொருத்தம். பார்க்க நினைப்பவர்களுக்கு: பெரும்பாலும் சனிக்கிழமை மதியம் 3 மணி ஆட்டம், வாசலிலேயே காசு கொடுத்து உள்ளே போகலாம். 2012, 2014 இரண்டு வருடமும் வெஸ்ட் ஆக்லாந்துக்காரர்கள், சின்ன கிளப்புகளுக்கான எஃப்.ஏ. வாஸ் கோப்பையின் இறுதிக்கு வெம்ப்ளி போய்த் தோற்றார்கள். அதைப் பற்றி இடைவேளையில் கேளுங்கள், ஆட்டம் நடக்கும்போது வேண்டாம்.