ஒன்றரை ஷிப்டு முடிச்சுப்போட்டு எப்படிங்க எழுதறது?

ஓவர்லாக்_அக்கா:
வணக்கமுங்க. திருப்பூர்ல பனியன் கம்பெனில ஓவர்லாக் டெய்லருங்க, வயசு 38. எட்டாவது படிக்கறப்ப நோட்டுல கதை எழுத ஆரம்பிச்சேன், இன்னும் விடல, பொட்டில 11 நோட்டு கிடக்குது. காலைல எட்டரைக்கு மெஷின்ல உக்காந்தா நைட்டு எட்டரைங்க, ஷிப்மெண்ட் நெருங்கிட்டா இன்னும் நேரமாகும், வீட்டுக்கு வந்து சோறாக்கி பசங்களப் பாத்துட்டு உக்காந்தா கண்ணு எரியுது. ஆனா மெஷின் ஓடறப்ப கதை வரிசையா வருதுங்க, வீட்ல நோட்ட எடுத்தா ஒண்ணுமே நிக்கறதில்ல. பீஸ் ரேட்டு, தைக்கற பீஸ் கணக்குக்குத்தான் கூலி, நடுவுல கைய எடுத்தா கூலி போச்சு. வேலைய விட முடியாது, எழுதாமயும் இருக்க முடியல. வேலை பாத்துட்டே எழுதறவங்க எப்படிங்க சமாளிக்கறீங்க? பத்திரிகைக்கு எப்படி அனுப்பறது?

டவுன்பஸ்_மதுரை:
அக்கா, நான் கண்டக்டர். எனக்கும் இதேதான், கூட்டத்துக்குள்ள டிக்கெட் கிழிக்கும்போதுதான் வரும். ராத்திரி எழுதிக்கலாம்னு விட்டா போச்சு, கதை ஞாபகம் இருக்கும், அந்த வாக்கியம் இருக்காது. இப்ப பஸ் போய் நின்னதும் போன்ல ரெக்கார்டர போட்டு அந்த ஒத்த வாக்கியத்த மட்டும் சொல்லி வச்சுருவேன். உங்களுக்கு டீ டைம் இருக்கும்ல, அதுல சொல்லுங்க. வார லீவுல எல்லாத்தயும் கேட்டு எழுதுறேன், ஒரு கதைக்கு மூணு மாசம் ஆகுது, ஆனா முடியுதுக்கா.

பிழைதிருத்தி:
அனுப்பறதப் பத்தி நான் சொல்றேன். நோட்ட பாத்து போன்ல வாய்ஸ் டைப்பிங்ல வாசிங்க, தமிழ் நல்லாவே வருது, ஆனா ர ற, ன ண எல்லாம் மாறி விழும், புள்ளி கமா நீங்கதான் போடணும். யூனிகோடுல, அதாவது எல்லா போன்லயும் கம்ப்யூட்டர்லயும் தெரியற எழுத்துல இருந்தா மெயில்ல அனுப்பிடலாம். ஒரு கதைய ஒரே நேரத்துல ரெண்டு பத்திரிகைக்கு அனுப்பாதீங்க, ரெண்டுலயும் வந்துட்டா சங்கடம். இன்னொண்ணு, தயவுசெஞ்சு காசு குடுத்து புக் போடாதீங்க. நான் ஒரு பதிப்பகத்துல 30000 ரூபா கட்டினேன், நகை வச்ச காசு, 100 காப்பி வீட்டுக்கு வந்துச்சு, கடைல ஒண்ணு கூட இல்ல, பாதி இன்னும் பரண்ல இருக்கு. முதல்ல ஒரு கதைய சிற்றிதழுக்கு அனுப்புங்க, திருப்பி அனுப்பினாலும் நஷ்டம் ஒண்ணும் இல்ல.

நல்லூரான்:
அக்கா, எங்கட யாழ்ப்பாணத்தில டொமினிக் ஜீவா எண்டு ஒருத்தர் இருந்தவர். சலூன் தொழிலாளி. அந்தத் தொழிலோடயே கதை எழுதி, 1966ல மல்லிகை எண்ட சஞ்சிகையையும் தொடங்கி, தானே கொண்டு திரிஞ்சு வித்தவர். எங்கட அப்பா அவரிட்ட கைநீட்டி வாங்கினதெண்டு இப்பவும் சொல்லுவார்.

கோவைவாசி:
பக்கத்துல நம்ம கோயமுத்தூர்லயே ஆட்டோ ஓட்டிட்டு எழுதினவரு மு. சந்திரகுமாருங்க. குண்டூர்ல போலீஸ் புடிச்சு வச்சு அடிச்சத எழுதினாரு, அதுல இருந்துதான் விசாரணை படம் எடுத்தாங்க, 2016ல தியேட்டருக்கு வந்துச்சு. நாஞ்சில் நாடனும் கம்பெனி வேலைக்காக ஊர் ஊரா அலைஞ்சவருதான், அந்த அலைச்சல் பூரா அவரு கதைல கிடக்கும். நீங்க எழுதற 11 நோட்டுல பனியன் கம்பெனி இருக்குதுங்களா? மெஷின் முன்னால உக்காந்தவங்களே எழுதினது நான் படிச்சவரைக்கும் ரொம்பக் கம்மி, எனக்கு அதப் படிக்கணும்.

ஓவர்லாக்_அக்கா:
எல்லாருக்கும் நன்றிங்க. கோவைவாசி அண்ணா கேட்டதுக்கப்பறம் பொட்டியத் தொறந்து பாத்தேன், 11 நோட்டுலயும் கம்பெனி ஒரு பக்கம் கூட இல்லைங்க. ராஜகுமாரி, பங்களா, ஊட்டி, இதுதான். நான் ஊட்டிக்கு போனதே இல்ல. இன்னிக்கு டீ டைம்ல தண்ணித் தொட்டிகிட்ட நின்னு போன்ல சொன்னேன். எங்க லைன்ல ஒடிசாவுல இருந்து வந்த புள்ள ஒண்ணு பனியனுக்கு கைமடிச்சு தைக்குது, தமிழ் தெரியாது, நூல் அந்துபோச்சுன்னா என் முட்டியத் தொட்டு காட்டும். அத ஒன்றரை நிமிஷம் சொல்லிருக்கேங்க. ஞாயித்துக்கிழமை எழுதிப்போட்டு இங்கயே போடறேன், படிச்சு சொல்லுங்க.