கலைச்சொல் வேண்டும்: ‘லோன்’ ஆட்டக்காரர் (வெள்ளிக்கிழமைக்குள்)

(கலைச்சொல் குழுவின் மடல்கள். ஒவ்வொருவரும் தம் ஊர்ப்பெயரில் எழுதுகிறார்கள்.)

பாலக்கோடு:

அனைவருக்கும் வணக்கம். பதினோராம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வரும் வெள்ளிக்கிழமை சொற்போர் வைத்திருக்கிறேன். தலைப்பை அவர்களே எடுத்தார்கள்: ‘2020 ஆகஸ்ட் 14 அன்று குட்டின்ஹோ செய்தது சரியா?’ கால்பந்து பார்க்காதவர்களுக்காகக் கதையைச் சொல்லிவிடுகிறேன். 2018 ஜனவரியில் பார்சிலோனா அவரை லிவர்பூலிடமிருந்து பெரும்பணம் கொடுத்து வாங்கியது. அங்கே ஆட்டம் எடுபடவில்லை. 2019-20 பருவத்துக்கு பேயர்ன் மியூனிக்கிடம் ‘லோன்’ விட்டார்கள், அதாவது ஒப்பந்தம் பார்சிலோனாவிடமே இருக்க, ஆட்டம் மட்டும் அங்கே. சாம்பியன்ஸ் லீக் காலிறுதியில் அந்த இரண்டு அணிகளே மோதின. குட்டின்ஹோ கடைசிக் கால் மணி நேரத்துக்கு மாற்று ஆட்டக்காரராக இறங்கி, தன்னை வாங்கி வைத்திருந்த அணிக்கு எதிராகவே இரண்டு கோல் போட்டார். பேயர்ன் 8-2 என்று வென்றது.

துண்டுத்தாளில் ‘கடன் ஆட்டக்காரர்’ என்று எழுதினேன். ஒரு பையன் எழுந்து, “அவருக்கு எவ்வளவு கடன், டீச்சர்?” என்று கேட்டான். அவன் கேட்டதில் தவறே இல்லை. அந்தச் சொல் அப்படித்தான் படிக்கப்படும். வியாழன் மாலை தாளை நகலெடுக்கக் கொடுக்க வேண்டும். கூடவே ‘லெகசி’ (ஒருவர் விட்டுச்செல்லும் பெருமை) என்பதற்கும் ஒரு சொல் வேண்டும். பிள்ளைகள் மெஸ்ஸியைப் பற்றி வாய் திறந்தாலே அந்தச் சொல்தான் வருகிறது.

ஓசூர்:

இரவல் ஆட்டக்காரர். கல்யாணத்துக்கு இரவல் நகை, படிக்க இரவல் புத்தகம். யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. ‘கைமாற்று’ என்றும் யோசித்தேன், அது பணத்துக்கு மட்டுமே ஒட்டுகிறது. மேலும் கைமாற்றுக்கு வட்டி கிடையாது. இங்கே பேயர்ன் 85 லட்சம் யூரோ கட்டணமாகக் கொடுத்தது, சம்பளமும் அவர்கள் பொறுப்பு. ஒன்றும் கிடைக்கவில்லை என்றால் ‘லோன்’ என்றே போடுங்கள், பிள்ளைகள் அதைத்தான் பேசுகிறார்கள்.

அரூர்:

‘லோன்’ என்றே போடுவதற்கு இந்தக் குழு எதற்கு, ஓசூர் தம்பி?

முதலில் கடன். அதைத் தள்ளும் முன் அதன் பழம்பொருளைப் பாருங்கள். பொன்முடியார் ‘ஈன்று புறந்தருதல் என்தலைக் கடனே’ என்றாரே, அங்கே கடன் என்றால் கடமை. திருப்பித் தர வேண்டிய பொருள் என்பது அதிலிருந்து கிளைத்தது. இரவலோ ‘இர’ என்ற வேரில் பிறந்தது. கையேந்துவது. பேயர்ன் போன்ற அணி யாரிடம் கையேந்தியது? கட்டணம் கொடுத்து எடுத்ததை இரவல் என்றால் வேரே பொய்யாகிறது.

வள்ளுவரிடம் சொல் இருக்கிறது. ‘வறியார்க்கொன் றீவதே ஈகைமற் றெல்லாம் குறியெதிர்ப்பை நீர துடைத்து.’ குறியெதிர்ப்பை என்றால் அளவு குறித்து வாங்கி அதே அளவு திருப்பித் தருவது. பக்கத்து வீட்டில் ஒரு படி அரிசி வாங்கி அடுத்த வாரம் ஒரு படி அரிசி கொடுப்பது. கட்டுப்பாடு, காலம், திரும்பல் எல்லாம் அந்த ஒரு சொல்லில் அடங்குகின்றன. ‘எதிர்ப்பை ஆட்டக்காரர்’ என்று சுருக்கிக்கொள்ளலாம்.

போச்சம்பள்ளி:

அரூர் ஐயா, வாங்கிய அரிசியைச் சமைத்துத் தின்றுவிட்டு வேறு அரிசிதானே கொடுக்கிறோம்? ஆட்டக்காரர் அப்படியா? அதே ஆள் திரும்பி வர வேண்டும். அதுவும் அதே அளவில் வருவதில்லை. ஒரு வயது கூடி, கால் அடிபட்டு அல்லது ஆட்டம் மெருகேறி வருகிறார். அப்புறம், ‘எதிர்ப்பை’ என்று சுருக்கினால் எதிரணிக்காரர் என்றுதான் பிள்ளைகள் நினைப்பார்கள்.

நான் மாந்தோப்பு வைத்திருப்பவன். எங்கள் பக்கம் இதற்குச் சொல் தேட மாட்டோம். குத்தகை. மரம் என்னுடையது. இந்தப் பருவத்துக் காய் குத்தகைக்காரருடையது. மருந்தடிப்பது, காவல் போடுவது அவர் செலவு. பருவம் முடிந்தால் மரம் என் கைக்கு வந்துவிடும். பேயர்ன் 85 லட்சம் கொடுத்து ஒரு பருவம் எடுத்தது இதேதான். அந்தப் பருவத்தில் அவர்கள் சாம்பியன்ஸ் லீக் கோப்பையையும் எடுத்தார்கள். காய் அவர்களுக்கு, மரம் பார்சிலோனாவுக்கு. குத்தகை ஆட்டக்காரர்.

ஓசூர்:

குத்தகை நன்றாக இருக்கிறது. எங்கள் தெருவில் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் பேசுவோம். கன்னடத்தில் குத்திகெ, தெலுங்கில் குத்த. மூன்று வீட்டிலும் ஒரே பொருள்.

அரூர்:

அப்படியானால் அது தமிழ்தானா என்பதை முதலில் பார்க்க வேண்டும். கொத்து, குத்து என்ற வேர்களிலிருந்து வருவிக்கலாம். கூலியாகக் கொடுக்கும் தானியத்தைக் கொத்து என்பது உண்டு. அதனோடு ‘கை’ சேர்ந்து குத்தகை ஆனது என்று கொண்டால்...

ஓசூர்:

ஐயா, வியாழன் மாலை தாள் அச்சுக்குப் போகிறது.

நல்லம்பள்ளி (விடுமுறையில், மற்ற நாட்களில் டெட்ராய்ட்):

ஊருக்கு வந்திருக்கிறேன், இப்போதுதான் எல்லாவற்றையும் படித்தேன். அமெரிக்கக் கால்பந்தில் (பந்தைக் கையில் எடுத்து ஓடும் வேறு ஆட்டம்) லோனே கிடையாது. அங்கே ‘டிரேட்’. ஆளைக் கொடுத்து ஆளை வாங்குவது, கூடவே அடுத்த ஆண்டுகளின் புதுமுகத் தேர்வில் முன்னுரிமையையும் கொடுப்பது. 2021இல் எங்கள் டெட்ராய்ட் லயன்ஸ் அணி ஸ்டாஃபோர்ட் என்ற ஆட்டக்காரரை லாஸ் ஏஞ்சலிஸ் ராம்ஸ் அணிக்குக் கொடுத்து, அவர்களுடைய காஃப் என்பவரையும் இரண்டு முதல் சுற்று உரிமைகளையும் ஒரு மூன்றாம் சுற்று உரிமையையும் வாங்கியது. மறு பருவமே ஸ்டாஃபோர்ட் அந்த ஆட்டத்தின் இறுதிப் போட்டியான சூப்பர் பவுலை வென்றார். ஏமாந்துவிட்டோம் என்று ஊரே பேசியது. 2024 ஜனவரியில் அதே காஃப் அதே ஸ்டாஃபோர்டின் அணியை 24-23 என்று வென்று, 32 ஆண்டுகளுக்குப் பிறகு எங்களுக்கு ஒரு பிளே ஆஃப் வெற்றி கொடுத்தார். அன்று நான் அழுதேன். அந்தப் பரிமாற்றத்தில் யார் வென்றார்கள் என்று இன்றும் எங்கள் அலுவலகத்தில் சண்டை.

இதற்கும் ஒரு சொல் சேர்த்துக்கொள்ளுங்கள். பண்டமாற்று என்று எழுதக் கை வரவில்லை.

அரூர்:

நல்லம்பள்ளித் தம்பிக்கு: அகநானூறு 140இல் உப்பு விற்கும் பெண் ‘நெல்லின் நேரே வெண்கல் உப்பு’ என்று சேரியில் ‘விலைமாறு’ கூறுகிறாள். நெல்லுக்கு நேர் உப்பு, காசு இல்லை. ஆளுக்கு நேர் ஆள் என்பதற்கு ‘நேர்மாறு’ என்று சொல்ல ஆசை, ஆனால் அது இன்று வேறு பொருளுக்குப் போய்விட்டது. ‘ஆள்மாறு’ பொருந்தும்.

பாலக்கோடு:

ஆள்மாறு என்றால் ஆள்மாறாட்டம்தான் நினைவுக்கு வரும் ஐயா. தேர்வறையில் அதைப் பிடிப்பதே எங்கள் வேலை.

குத்தகையைப் பற்றி நேற்று இரவு முழுக்க யோசித்தேன். பொருள் அச்சாகப் பொருந்துகிறது. ஆனாலும் ஒரு மனிதனைத் தோப்பு என்று பிள்ளைகளுக்குச் சொல்லித்தர எனக்கு மனம் ஒப்பவில்லை. 1995இல் போஸ்மான் என்ற பெல்ஜியக்காரர் ஐரோப்பிய நீதிமன்றம் வரை போய் வாதாடியது எதற்காக? ஒப்பந்தம் முடிந்த பிறகும் ஆட்டக்காரனைக் கிளப் கட்டி வைத்திருந்தது என்பதற்காகத்தானே? அந்தத் தீர்ப்பு வந்ததால்தான் ஒப்பந்தம் முடிந்தவர்கள் இன்று காசில்லாமல் அணி மாற முடிகிறது. மெஸ்ஸி 2021இல் பாரிசுக்குப் போனதும் அப்படித்தான். இவ்வளவு நடந்த பிறகு நாம் புதிதாகச் செய்யும் சொல்லில் மீண்டும் அவனைச் சொத்தாக்குவானேன்?

நான் இரண்டு ஆண்டுகள் மாற்றுப்பணியில் வேறு பள்ளியில் இருந்தவள். கையெழுத்து அங்கே, சம்பளம் இங்கே. என் இடம் இந்தப் பள்ளியில் அப்படியே இருந்தது. அங்கே நான் நடத்திய வகுப்பு நல்ல தேர்ச்சி கொடுத்தபோது என் பழைய பள்ளிக்கு நான் துரோகம் செய்ததாக யாரும் சொல்லவில்லை. குட்டின்ஹோவும் அங்கே பணிக்குப் போனவர்தான். ‘மாற்றுப்பணி ஆட்டக்காரர்’ என்று போடலாமா?

ஓசூர்:

கருத்து அருமை, அம்மா. ஆனால் உங்கள் முதல் மடலை நீங்களே படியுங்கள். குட்டின்ஹோ ‘மாற்று ஆட்டக்காரராக’ இறங்கினார் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்போது ‘மாற்றுப்பணி ஆட்டக்காரர் மாற்று ஆட்டக்காரராக இறங்கி’ என்று வரும். தாளின் முதல் வரியிலேயே பிள்ளைகள் தடுக்கி விழுவார்கள்.

பாலக்கோடு:

உண்மை. அயற்பணி?

நல்லம்பள்ளி:

அயல்நாட்டு ஆட்டக்காரர் என்று படிப்பார்கள். ஐஎஸ்எல் (இந்தியன் சூப்பர் லீக்) அணிகளில் அந்தக் கணக்கு தனியாக வேறு இருக்கிறது.

அரூர்:

லெகசியை எல்லோரும் மறந்துவிட்டீர்கள். எச்சம். ‘இசையென்னும் எச்சம் பெறாஅ விடின்’ என்று குறளில் இருக்கிறது. எஞ்சுவது எச்சம். பெயரெச்சம், வினையெச்சம் என்று நம் பிள்ளைகள் நாள்தோறும் படிக்கும் சொல். ஆட்டம் முடிந்தும் முடியாமல் நிற்பது, இன்னொரு சொல்லை எதிர்நோக்கி நிற்பது. மெஸ்ஸிக்கு 2022 டிசம்பர் 18 வரை வினையெச்சம், அன்று உலகக் கோப்பை கைக்கு வந்ததும் வினைமுற்று.

பாலக்கோடு:

ஐயா, அந்த விளக்கத்தை வகுப்பில் கட்டாயம் சொல்வேன். ஆனால் எச்சம் என்றால் இங்கே பறவை போட்டதுதான். ‘மெஸ்ஸியின் எச்சம்’ என்று தாளில் அச்சடிக்க முடியாது.

போச்சம்பள்ளி:

நம் மாவட்டங்களில் வயல் வரப்பெல்லாம் நடுகல் நிற்கிறதே, அதில் இல்லாத சொல்லா? மாடு மீட்கப் போய் இறந்தவனின் பெயரையும் பெருமையையும் கல்லில் வெட்டி வைத்தார்கள். தர்மபுரி அருங்காட்சியகத்தில் போய்ப் பாருங்கள்.

அரூர்:

போச்சம்பள்ளியாரே, வாழ்க! ‘பெயரும் பீடும் எழுதி அதர்தொறும் பீலி சூட்டிய பிறங்குநிலை நடுகல்.’ அகநானூறு 131. பீடு! லெகசிக்குப் பீடு. எச்சத்தை நானே திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

இதில் இன்னொன்றும் இருக்கிறது. ஆநிரை கவர்வது வெட்சி, மீட்பது கரந்தை. 2000இல் பார்சிலோனாவின் ஃபீகோவை ரியல் மாட்ரிட் கொண்டுபோனதே, அது வெட்சி. அடுத்த அணியின் ஆளைக் கவர்வதற்கு ‘வெட்சி’, தன் ஆளைத் தக்கவைப்பதற்கு ‘கரந்தை’ என்று கொள்ளலாம். மதில் காக்கும் நொச்சி, மதிலை வளைக்கும் உழிஞை என்று தடுப்பாட்டத்துக்கும் தாக்குதலுக்கும் நீட்டிக்கலாம்...

ஓசூர்:

பீடுக்கு என் வாக்கு. வெட்சிக்குத் தனி இழை தொடங்குங்கள் ஐயா, நானும் வருகிறேன். இப்போது மணி நாலு. லோனுக்கு முடிவு சொல்லுங்கள். நான்: இரவல்.

நல்லம்பள்ளி:

இரவல். என் டிரேடுக்கு ‘ஆள்மாற்று’ என்று போடுங்கள், அடுத்த முறை பேசிக்கொள்ளலாம்.

பாலக்கோடு:

எனக்கு மாற்றுப்பணிதான் பிடித்திருக்கிறது. ஆனாலும் தாளில் இரவல் என்றே கொடுத்துவிட்டேன். லெகசிக்குப் பீடு. கீழே ஒரு வரி சேர்த்திருக்கிறேன்: ‘இரவல் ஆட்டக்காரர் என்பவர் பொருள் அல்லர், ஒப்பந்தப்படி ஒரு பருவம் வேறு அணிக்குப் பணிசெய்பவர்.’ எல்லோருக்கும் நன்றி.

அரூர்:

இரவலுக்கு என் மறுப்பைப் பதிவு செய்துகொள்ளுங்கள். இரந்தவர் யாரும் இல்லாத இடத்தில் இரவல் இல்லை.

போச்சம்பள்ளி:

எனக்கும் மறுப்புதான். ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது அம்மா. பருவம் முடிந்ததும் 12 கோடி யூரோ கொடுத்தால் குட்டின்ஹோவைச் சொந்தமாக எடுத்துக்கொள்ளலாம் என்று பேயர்னுக்கு ஒப்பந்தத்தில் உரிமை இருந்தது. அவர்கள் எடுத்துக்கொள்ளவில்லை. இரவல் வாங்கிய நகையை விலைக்குக் கேட்கும் வழக்கம் எங்கும் இல்லை. குத்தகைத் தோப்பை விலைக்குக் கேட்பது எங்கள் ஊரில் ஆண்டுதோறும் நடக்கிறது. வெள்ளிக்கிழமை ஒரு பிள்ளை இதைக் கேட்டால் அந்த உரிமைக்கு என்ன சொல் சொல்வீர்கள்?