1970ஆம் ஆண்டில் வந்த நெல் மூட்டைகள்

வாட்ஸ்அப் குழு: களுவாஞ்சிகுடி ஆலை வீடு
ஞாயிறு, 9 மார்ச் 2025

மு.ப. 6.40, ஆலை மாமா
மருமகள், நேற்று நீ கணினியில் ஏற்றித் தந்த நெல் வரவுப் பட்டியலைப் பார்த்தேன். ஏறத்தாழத் தொண்ணூறு லோட்டுகள் 1970ஆம் ஆண்டு ஜனவரி முதலாம் திகதி காலை 5.30க்கு வந்ததாகக் காட்டுகிறது. அந்த ஆண்டில் இந்த ஆலையும் இல்லை, எனக்கும் மூன்று வயது. பெரும்போக நெல்லின் விலை நாளுக்கு நாள் மாறுவதால், வந்த திகதி தெரியாமல் எவருக்கும் கணக்குத் தீர்க்க முடியாது.

மு.ப. 6.52, மாமி
நான் கொப்பியை வைத்துக்கொண்டு பார்த்தேன். 1970 என்று காட்டுபவை எல்லாம் 12ஆம் திகதிக்குப் பிந்தியவை. முந்தியவை சரியென்று நினைத்துவிட வேண்டாம். பெப்ரவரி 3ஆம் திகதி வந்த லோட்டு மார்ச் 2 என்று பதிவாகியிருக்கிறது. பெப்ரவரி 10ஆம் திகதி வந்தது ஒக்டோபர் 2 என்று இருக்கிறது, அந்த ஒக்டோபர் இன்னும் பிறக்கவேயில்லை. பெப்ரவரி 2ஆம் திகதி மட்டும் தப்பியிருக்கிறது.

மு.ப. 6.58, நான்
மாமா, மாமி, இருவரும் மன்னிக்க வேண்டும். கொப்பியில் இருந்தவற்றை நாள், மாதம், ஆண்டு என்ற ஒழுங்கில் சாய்கோடு இட்டுத் தட்டச்சுச் செய்தேன். பிஎச்பி என்ற நிரல்மொழியில் எழுதிய நிரல் அதை, எழுத்தைத் திகதியாக மாற்றும் ஸ்ட்ர்டுடைம் (strtotime) என்ற செயற்கூறு வழியாக மாற்றித் தரவுத்தளத்தில் செருகியது. எந்தப் பிழைச் செய்தியும் வராததால் எல்லாம் ஏறிவிட்டது என்று நம்பினேன்.

மு.ப. 7.05, டொரன்டோ அண்ணா
தங்கச்சி, அந்த ஸ்ட்ர்டுடைம் சாய்கோட்டைக் கண்டால் அமெரிக்க வழக்கப்படி மாதத்தை முதலில் வைத்து வாசிக்கும். அதே எண்களுக்கிடையில் சிறுகோடு இருந்தால் நாளை முதலில் வைத்து வாசிக்கும். 13ஆவது மாதம் என்று ஒன்று இல்லாததால் அது 'பொய்' என்ற விடையைத் திருப்பித் தந்தது, நீ அதைச் சோதிக்காமல் அப்படியே, திகதியை எழுதித் தரும் டேட் செயற்கூறுக்குக் கொடுத்தாய், அது பொய்யைப் பூச்சியமாக எடுத்துக்கொண்டது. கணினிகள் நேரத்தை வினாடிகளாக எண்ணும் யுனிக்ஸ் கணக்கில் பூச்சியம் என்பது 1970 ஜனவரி முதலாம் திகதியின் கிறீன்விச் நள்ளிரவு. இலங்கையில் அப்போது காலை 5.30. மாமா கண்ட நேரம் அங்கிருந்துதான் வந்தது.

மு.ப. 7.11, பெரியப்பா
எல்லாரும் முழு வாக்கியத்தில் எழுதுவது எனக்கு மகிழ்ச்சி. இக்குழுவின் விதியைக் காப்பாற்றுகிறீர்கள். எனக்கு ஒரு கேள்வி. 1970 என்று காட்டிய பிழையை மாமா ஒரே பார்வையில் பிடித்துவிட்டார். பெப்ரவரி 3ஐ மார்ச் 2 ஆக்கிய பிழையை மாமி கொப்பியைத் திறந்திராவிட்டால் யார் பிடித்திருப்பார்?

மு.ப. 7.15, டொரன்டோ அண்ணா
ஒருவரும் பிடித்திருக்க மாட்டார்கள், பெரியப்பா. தரவுத்தளத்துக்கு மார்ச் 2 என்பது குறையில்லாத திகதி. ஆகவே இயந்திரத்தை ஊகிக்க விடவே கூடாது. தங்கச்சி, பிஎச்பியின் டேட்டைம் வகுப்பில் உள்ள கிரியேட்ஃப்ரம்ஃபார்மட் (createFromFormat) என்பதைப் பயன்படுத்து; இதில் முதல் எண் நாள், இரண்டாவது மாதம், மூன்றாவது ஆண்டு என்று நீயே சொல்லிவிடலாம். நேரம் எழுதப்படாத வரிகளுக்கு வடிவத்தின் தொடக்கத்தில் ஓர் ஆச்சரியக்குறி இடு. இல்லையேல் நிரல் ஓடுகிற அந்த வினாடியின் நேரத்தை அதுவாகவே நிரப்பிவிடும்.

தரவுத்தளத்துக்குப் போகும்போது ஆண்டு, மாதம், நாள், பிறகு 24 மணிக் கணக்கில் நேரம் என்ற ஒரே ஒழுங்குதான் இருக்க வேண்டும். வடிவத்தைக் குறிக்கும் ஆங்கில எழுத்துகளில் பெரிய எச் (H) 24 மணிக் கணக்கு, சிறிய எச் (h) 12 மணிக் கணக்கு. நிமிடத்துக்குச் சிறிய ஐ (i), மாதத்துக்குச் சிறிய எம் (m). என் முதல் வேலையில் நிமிடத்தின் இடத்தில் எம் என்று எழுதிவிட்டேன். ஓகஸ்ட் மாதம் முழுவதும் எல்லாப் பதிவுகளும் எட்டாவது நிமிடத்திலேயே நடந்தன, மூன்று வாரம் யாருக்கும் தெரியவில்லை.

மு.ப. 7.24, நான்
தரவுத்தளத்துக்கு அனுப்பும் கட்டளையான வினவலுக்குள் திகதியை நேராக ஒட்டி எழுதியிருக்கிறேன், அண்ணா. முதல் முறை மேற்கோள்குறியை மறந்து 2025-02-13 என்று மட்டும் எழுதியபோது, தவறான திகதி என்று நம் தரவுத்தளமான மைஎஸ்கியூஎல் (MySQL) ஏற்க மறுத்தது. அது ஏன் என்று அப்போது எனக்கு விளங்கவில்லை.

மு.ப. 7.27, பெரியப்பா
நாற்பது ஆண்டு கணிதம் கற்பித்தவனுக்கு விளங்குகிறது, மகள். மேற்கோள்குறி இல்லையென்றால் அது திகதி அல்ல, கழித்தல். 2025இல் 2ஐயும் 13ஐயும் கழித்தால் 2010.

மு.ப. 7.29, டொரன்டோ அண்ணா
அதேதான். மேற்கோள்குறியையும் நீ கையால் போடாதே. மதிப்பு வரவேண்டிய இடத்தில் கேள்விக்குறி வைத்து வினவலை முன்கூட்டியே தயார் செய்துகொண்டு, திகதியைத் தனியாகக் கொடு.

மு.ப. 7.36, மாமி
இன்னொன்றும் இருக்கிறது. போன கிழமையிலிருந்து தராசடியிலேயே கணினியில் பதிகிறோம் அல்லவா? வியாழன் விடியற்காலை 4 மணிக்குப் பட்டிருப்புப் பாலத்தைக் கடந்து வந்த லோட்டு, புதன் இரவு 10.30க்குப் பதிந்ததாக இருக்கிறது. புதன் விலையும் வியாழன் விலையும் ஒன்றல்ல.

மு.ப. 7.41, டொரன்டோ அண்ணா
சரியாக ஐந்தரை மணித்தியாலம் பின்தங்கியிருக்கிறது, மாமி. அந்த நேரத்தை நிரல் கொடுக்கவில்லை, தரவுத்தளமே தன் கடிகாரத்தைப் பார்த்துப் போட்டுக்கொள்கிறது. அந்தக் கடிகாரம் உலகப் பொது நேரத்தில் ஓடுகிறது. தங்கச்சி, தரவுத்தள அட்டவணையில் அந்தப் பத்தியின் வகை டைம்ஸ்டாம்ப்பா, டேட்டைமா?

மு.ப. 7.43, நான்
டைம்ஸ்டாம்ப், அண்ணா. லோட்டு வந்த நேரத்துக்கான பத்தி மட்டும் டேட்டைம்.

மு.ப. 7.49, டொரன்டோ அண்ணா
அப்படியானால் பதிந்தவற்றில் கைவைக்க வேண்டியதில்லை. மைஎஸ்கியூஎல் டைம்ஸ்டாம்ப்பைப் பொது நேரமாக்கிச் சேமித்து, கேட்கும்போது இணைப்பின் நேர வலயத்துக்கு மாற்றித் தரும். உள்ளே இருப்பது சரியான கணம், நாம் பார்க்கும் கடிகாரம்தான் தவறு. இணைப்பைத் திறந்தவுடன் நேர வலயம் +05:30 என்று ஒரு வரி சேர்த்தால் வியாழன் விடியற்காலை 4 மணி என்றே காட்டும். டேட்டைம் அப்படியல்ல, எழுதியதை எழுதியபடியே வைத்திருக்கும். டைம்ஸ்டாம்ப் 2038ஆம் ஆண்டு ஜனவரி 19ஆம் திகதியோடு முடிந்துவிடும் என்பதையும் நினைவில் வை.

இங்கே இன்னும் சனிக்கிழமை இரவு. இன்னும் சில மணித்தியாலத்தில் 2 மணி நேராக 3 மணியாகத் தாவப்போகிறது. டொரன்டோவில் இன்றிரவு 2.30 என்ற நேரமே கிடையாது.

மு.ப. 7.58, பெரியப்பா
நாமும் மணிக்கூட்டைத் திருப்பியவர்கள்தாம். 1996ஆம் ஆண்டு மே மாதத்தில் மின்தட்டுப்பாட்டுக்காக ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளினார்கள், ஒக்டோபரில் அரை மணித்தியாலம் குறைத்தார்கள், 2006ஆம் ஆண்டு சித்திரைப் புத்தாண்டு முடிந்த கையோடு பழைய ஐந்தரைக்கே வந்தோம். அப்பாவின் 1998ஆம் ஆண்டுக் கொப்பிகளையும் ஏற்றுவதாக மருமகள் சொல்லியிருந்தாள். அவற்றில் காலை 6 மணி என்று இருந்தால், அது இன்றைய கணக்கில் ஐந்தரை மணி.

மு.ப. 8.06, டொரன்டோ அண்ணா
+05:30 என்று கொடுத்தால் அந்த வரலாறு அதற்குத் தெரியாது, பெரியப்பா. ஏசியா/கொழும்பு என்ற வலயப் பெயரைக் கொடுத்தால் இந்த மாற்றங்கள் எல்லாம் அதற்குத் தெரியும். ஆனால் மைஎஸ்கியூஎல்லில் அந்தப் பெயர் வேலைசெய்ய நேர வலய அட்டவணைகளை முதலில் ஏற்றியிருக்க வேண்டும்.

மு.ப. 8.10, பெரியப்பா
புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதிகள் அந்தப் புதிய நேரத்தை ஏற்கவில்லையே? களப்பின் மேற்குப் பக்கமான படுவான்கரையில் இருந்து வந்தவர் சொன்ன நேரமும், கிழக்குப் பக்கமான எழுவான்கரையில் நாம் மணிக்கூட்டில் பார்த்த நேரமும் ஒரே கொப்பியில் கலந்திருக்கும். அதை எந்த அட்டவணை தீர்க்கும்?

மு.ப. 8.13, டொரன்டோ அண்ணா
எதுவும் தீர்க்காது. அந்தக் கொப்பிகளை மாற்றமே செய்யாமல் எழுதியபடி டேட்டைம் பத்தியில் வைத்துவிட்டு, யார் மணிக்கூடு என்பதைப் பக்கத்தில் ஒரு குறிப்பாக எழுதுவதே நேர்மை.

மு.ப. 10.47, நான்
பெப்ரவரிப் பதிவுகளை அழித்து மறுபடி ஏற்றிவிட்டேன். மாற்றிய ஒவ்வொரு திகதியையும் நிரல் மீண்டும் நாள், மாதம், ஆண்டு என்று எழுதிப்பார்த்து, கொப்பியில் உள்ளதோடு பொருந்தாவிட்டால் ஏற்றாமல் நிறுத்திவிடும். ஒரு வரியில் நின்றது: பெப்ரவரி 30 என்று இருக்கிறது. சோதனை இல்லாதிருந்தால் பிஎச்பி அதைச் சத்தமில்லாமல் மார்ச் 2 ஆக்கியிருக்கும். மாமி, அந்த லோட்டு எப்போது வந்தது?

மு.ப. 11.02, மாமி
துண்டைத் தேடி எடுத்துப் பார்த்தேன். அது 20ஆம் திகதி. இரவு லோட்டு, தூக்கக் கலக்கத்தில் 2ஐ 3 போல எழுதியிருக்கிறேன்.

மு.ப. 11.05, ஆலை மாமா
அப்படியானால் 20ஆம் திகதி விலைக்கே அந்த லோட்டுக்காரருடைய பற்றுச்சீட்டை எழுதுகிறேன். துண்டின் படத்தையும் இங்கே போடுங்கள்.