கெப் ரிமோட்டில் பகலில் ஸ்டார்ட் ஆகிறது, விடியற்காலையில் ஆகவில்லை. அவசர உதவி தேவை

கந்தப்பளை_லீக்ஸ் (செவ்வாய், இரவு 9.40)
வணக்கம். என் கெப்புக்கு (பிக்கப் வண்டி) ரிமோட் ஸ்டார்ட்டர் போட்டு இரண்டு வாரம் ஆகிறது. பெட்டி கொழும்பு பஞ்சிகாவத்தையில் வாங்கியது, பூட்டித் தந்தவர் இங்கே ஒரு வயரிங் பாஸ் (மெக்கானிக்). பகலில் அமுக்கினால் உடனே எடுக்கிறது. விடியற்காலையில் அமுக்கினால் ஸ்டார்ட்டர் கொஞ்சம் சுற்றிவிட்டு நின்றுவிடுகிறது. தானாகவே மூன்று தடவை முயற்சி செய்யும், அப்புறம் பேசாமல் இருக்கும். சாவி போட்டால் எடுக்கிறது. பாஸ் போனை எடுப்பதில்லை. வியாழன் காலை நாலரைக்குக் கட்டாயம் வண்டி வேண்டும். யாராவது சொல்லுங்கள்.

மலைச்சாரல் (9.52)
என்ன கெப்? எந்த வருடம்? டீசலா பெட்ரோலா? கியர் மேனுவலா ஓட்டோவா?

நானுஓயா_ரிலே (9.58)
இது இமோபிலைசர்தான் (திருட்டைத் தடுக்கும் பூட்டு), வேறொன்றும் இல்லை. சாவியின் தலைக்குள் ஒரு சிப் இருக்கும். ரிமோட்டில் எடுக்கும்போது சாவி உங்கள் கையில் இருக்கிறது, வண்டிக்கு அது தெரியாது. அதனால் வெட்டிவிடுகிறது. பைபாஸ் மொடியூல் ஒன்று போட்டால் சரியாகிவிடும். போன வருடம் இப்படி மூன்று வண்டி பார்த்தேன், மூன்றும் இமோபிலைசர்.

மலைச்சாரல் (10.03)
இமோபிலைசர் என்றால் பகலிலும் வெட்டத்தானே வேண்டும் அண்ணே?

ஊவா_காற்று (10.11)
பெட்டரியைப் பாருங்கள். குளிரில் பெட்டரியின் இழுவை குறையும். இரவு முழுக்க நின்ற வண்டியில், எதையும் போடாமல், மீட்டர் வைத்தால் 12.6 வோல்ட் காட்ட வேண்டும். 12.2 என்றால் பாதிதான் இருக்கிறது. ஸ்டார்ட்டர் சுற்றும்போது 9.6க்குக் கீழே போனால் பெட்டரியை மாற்றுங்கள். எர்த் கேபிள் முனையையும் கழற்றிச் சுரண்டிப் பூட்டுங்கள், நம் ஊர் ஈரத்தில் பச்சை பிடித்திருக்கும்.

பழைய_டீசல் (10.30)
ஒவ்வொரு வாரமும் இதையே எழுத வேண்டியிருக்கிறது. வண்டியின் பெயரைக்கூடச் சொல்லாமல் கேள்வி கேட்டால் யார் பதில் சொல்வது? டாக்டரிடம் போய் "வலிக்கிறது" என்று மட்டும் சொல்லிவிட்டு வருவீர்களா? முதலில் விபரம் எழுதுங்கள். அப்புறம், மலைநாட்டில் ரிமோட் ஸ்டார்ட்டர் தேவையே இல்லை. சாவியைப் போட்டு, ஹீட்டர் விளக்கு அணையும்வரை பொறுத்து, திருப்பினால் எடுக்கும். அந்தப் பத்து விநாடிப் பொறுமை இல்லாதவர்கள்தான் இப்படிப் பெட்டி வாங்கிப் பூட்டுகிறார்கள்.

கந்தப்பளை_லீக்ஸ் (புதன், காலை 5.20)
மன்னிக்கவும், அவசரத்தில் விட்டுவிட்டேன். ஹைலக்ஸ் டபள் கெப், 5எல் டீசல் இஞ்சின், மேனுவல். பெட்டரி மாற்றி ஆறு மாதம்தான். இன்று காலையும் அதே கதை.
பழைய டீசல் அண்ணே, பொறுமை இல்லாமல் போட்டதல்ல. அம்மாவுக்கு வீசிங். மாதம் ஒரு தடவை நுவரெலியா ஆஸ்பத்திரிக் கிளினிக்குக்கு விடியவே கூட்டிப் போக வேண்டும். குளிர்ந்த வண்டியில் ஏறியதும் இருமல் தொடங்கினால் நானுஓயா வரைக்கும் நிற்காது. ஏறும்போதே உள்ளே சூடு இருக்கட்டும் என்றுதான் போட்டேன்.

ஊவா_காற்று (5.48)
கந்தப்பளையிலிருந்து நுவரெலியாவுக்கு நானுஓயா எதற்கு?

கந்தப்பளை_லீக்ஸ் (5.51)
தங்கச்சி வீடு நானுஓயாவில். கிளினிக் முடிந்து அம்மாவை அங்கேதான் விடுவேன்.

நானுஓயா_ரிலே (6.30)
5எல் என்றாலும் சில வண்டிகளில் சிப் சாவி வந்திருக்கலாம். என் கருத்தை நான் மாற்றவில்லை.

கொட்டகலை_அக்கா (6.44)
தம்பி, இரண்டே கேள்வி. ஒன்று, நீங்கள் இப்போது ஓட்டுவது கம்பெனிச் சாவியா, கடையில் வெட்டிய சாதாரணச் சாவியா? இரண்டு, சாவியில் போடும்போது டேஷ்போர்டில் மஞ்சளாக ஒரு சுருள் விளக்கு எரியுமே, அது ரிமோட்டில் அமுக்கும்போது எரிகிறதா? கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்துச் சொல்லுங்கள்.

கந்தப்பளை_லீக்ஸ் (7.15)
சாவி கந்தப்பளை டவுனில் வெட்டியது அக்கா. சுருள் விளக்கு: சாவியில் எரிகிறது. ரிமோட்டில் எரியவில்லை. இப்போதுதான் கவனித்தேன்.

கொட்டகலை_அக்கா (7.40)
அப்படியென்றால் இமோபிலைசர் இல்லை. வெறும் இரும்புச் சாவியில் ஓடுகிற வண்டிக்குச் சிப் கிடையாது. நானுஓயா அண்ணன் கோபிக்கக் கூடாது.

உங்கள் பிரச்சினை ஹீட்டர் பிளக். அந்தச் சுருள் விளக்கு அதற்குத்தான். 5எல் பழைய முறை இஞ்சின், டீசல் முதலில் தலைக்குள் உள்ள சின்ன அறையில்தான் பற்றும். குளிரில் பிளக் அந்த அறையைச் சூடாக்காமல் சுற்றினால் புகைதான் வரும், பிடிக்காது. அதோடு நம் உயரத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நுவரெலியா 1,868 மீட்டர். காற்றின் அழுத்தம் கொழும்பில் இருப்பதில் ஐந்தில் நாலு பங்குதான். பிஸ்டன் இழுக்கிற காற்று குறைவு, அழுத்தும்போது பிறக்கிற சூடும் குறைவு. கொழும்பில் ஹீட்டர் இல்லாமலே எடுக்கிற வண்டி இங்கே ஜனவரி விடியலில் எடுக்காது. பகலில் உங்கள் இஞ்சினில் காலை ஓட்டத்தின் சூடு மிச்சம் இருக்கிறது, அதனால் எடுக்கிறது.

சாவி சுவிட்சுக்குப் பின்னால் இக்னிஷன் வயர் இரண்டு இருக்கும், ஐஜி1, ஐஜி2 என்று. அவசரத்தில் பூட்டுகிறவர்கள் ஒன்றை மட்டும் இணைத்துவிட்டு, "எடுக்கிறதே" என்று மூடிவிடுவார்கள். ஹீட்டர் டைமருக்குப் போவது விட்டுப்போன மற்றதாக இருக்கும். டெஸ்ட் லேம்ப் வைத்துப் பாருங்கள். சாவியை ஓனில் வைத்தால் எந்தெந்த வயரில் எரிகிறதோ, ரிமோட்டில் போட்டாலும் அத்தனையிலும் எரிய வேண்டும். பிறகு பெட்டியின் செட்டிங்கில் டீசல் என்று மாற்றி, காத்திருக்கும் நேரத்தை 15 விநாடி வையுங்கள். பெட்ரோல் செட்டிங்கில் விட்டால் அமுக்கிய உடனே சுற்றத் தொடங்கிவிடும்.

பழைய_டீசல் (8.05)
ஹீட்டர் என்று நேற்றே சொன்னேன். யாரும் வாசிப்பதில்லை. நாலு பிளக்கையும் சோதியுங்கள். மேலே உள்ள தகட்டுப் பட்டையைக் கழற்றி, பெட்டரி பிளஸ்ஸில் இருந்து டெஸ்ட் லேம்பை ஒவ்வொரு பிளக் தலையிலும் வைத்துப் பாருங்கள். எரிந்தால் பிளக் நல்லது, எரியாவிட்டால் செத்தது. ஒன்று செத்தாலும் காலையில் வண்டி நொண்டும்.

மலைச்சாரல் (8.20)
வேறொன்று கேட்கிறேன். மேனுவல் வண்டியை மலையில் எப்படி நிறுத்துகிறீர்கள் அண்ணே? கியரில்தானே?

கந்தப்பளை_லீக்ஸ் (12.35)
வீடு மேட்டில், வண்டி நிற்பது சரிவில். முன்பக்கம் கீழே பார்த்து நிற்கும், அதற்குக் கீழே லீக்ஸ் பாத்தி. எப்போதும் ரிவர்ஸில் போட்டு, டயருக்குக் கல் வைப்பேன். ரிமோட் போட்ட பிறகு நியூட்ரலில் விடுகிறேன். போன வாரம் ஒரு நாள் பழக்கத்தில் கியரில் விட்டுவிட்டேன், நல்ல வேளை அன்று சாவியில் எடுத்தேன்.

ஊவா_காற்று (12.50)
தம்பி, இதைச் சும்மா விடாதீர்கள். வெலிமடையில் என் மச்சானின் சிங்கிள் கெப் இப்படித்தான் போனது. முதல் கியரில் நின்றது. வீட்டுக்குள் இருந்த பிள்ளை ரிமோட்டை எடுத்து அமுக்கிவிட்டது. இஞ்சின் பிடிக்கவே இல்லை. ஸ்டார்ட்டர் மோட்டார் மட்டுமே வண்டியை நாலைந்து அடி தள்ளிக்கொண்டு போய்க் கரட் பாத்தியில் இறக்கியது. பாத்தியில் ஆள் நிற்காதது கடவுள் செயல்.

பழைய_டீசல் (1.10)
மலையில் கியரில் போடாமல் வண்டியை விட்டுப் போகிறவன் டிரைவரே இல்லை. ஹேண்ட் பிரேக் என்பது ஒரு கம்பி. இழுபடும், துருப்பிடிக்கும். மேட்டைப் பார்த்து நின்றால் முதல் கியர், பள்ளத்தைப் பார்த்து நின்றால் ரிவர்ஸ், ஸ்டியரிங்கை மண்மேட்டுப் பக்கம் ஒடித்துவிட வேண்டும். முப்பது வருடமாக மஸ்கெலியாப் பாதையில் ஓட்டுகிறேன். ரிமோட்டுக்காக நியூட்ரலில் விடச் சொல்வது பாவம்.

மலைச்சாரல் (1.24)
சரி, ஆனால் பிரேக்கைச் சரியாக வைத்திருந்தால் எதற்குப் பயம்? வருடத்துக்கு ஒரு தடவை டிரம் கழற்றி, கம்பியை இறுக்கினால் நிற்கும். என் வண்டி ஆறு வருடமாக நியூட்ரலில்தான் நிற்கிறது, கல்லோடு.

இராகலை_த்ரீவீல் (1.41)
கல் வைக்கிறவர்கள் எல்லாருக்கும் ஒரு கும்பிடு. போகும்போது அந்தக் கல்லை எடுத்து ஓரமாகப் போடுங்கள். லொறி போய்விடும், கல் நடு ரோட்டில் கிடக்கும். போன மாதம் பனிமூட்டத்தில் ஒரு வளைவில் என் முன் சில்லு அதில் ஏறி, ஆட்களோடு கவிழப் பார்த்தது. பின்னால் ஒரு கர்ப்பிணி அக்கா உட்கார்ந்திருந்தார்.

பழைய_டீசல் (1.50)
கல்லே வைக்கக் கூடாது. மரக்கட்டையை ஆப்பு மாதிரி அறுத்து, கயிறு கட்டி, பம்பரில் தொங்கவிட வேண்டும். வண்டி எடுத்தால் கட்டையும் கூடவே வரும்.

இராகலை_த்ரீவீல் (1.53)
அப்படிச் செய்கிறவரை இன்றுதான் கேள்விப்படுகிறேன். நன்றி அண்ணே.

நானுஓயா_ரிலே (2.15)
கட்டையைப் பற்றிப் பேசத்தான் இந்த இழையா? தம்பிக்கு நாளைக்கு வண்டி வேண்டும்.

கொட்டகலை_அக்கா (2.40)
கட்டை விஷயமும் அவருக்கு வேண்டியதுதான் அண்ணே. தம்பி, இதை மெதுவாக வாசியுங்கள்.

மேனுவல் வண்டியில் கியர் நியூட்ரலில் இருக்கிறதா என்று அந்தப் பெட்டிக்குத் தெரியாது. ஹேண்ட் பிரேக் வயர், பிரேக் இழுத்திருப்பதை மட்டும்தான் சொல்லும். அதனால்தான் மேனுவலுக்கு ஒரு ஒழுங்கு வைத்திருக்கிறார்கள். இஞ்சின் ஓடும்போதே நியூட்ரலில் போட்டு, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, பெடலிலிருந்து காலை எடுத்து, ரிமோட்டை அமுக்கிச் சாவியைக் கழற்றுவீர்கள். இஞ்சின் நிற்காது. இறங்கிக் கதவைப் பூட்டிய பிறகுதான் நிற்கும். கியரில் இருந்திருந்தால் கிளச்சை விட்டதுமே இஞ்சின் செத்திருக்கும். இதற்குப் பிறகு யாராவது ஒரு கதவைத் திறந்தாலும், காலையில் பெட்டி ஸ்டார்ட் செய்ய மறுக்க வேண்டும்.

மறுப்பதற்குக் கதவுச் சுவிட்ச் வேலை செய்ய வேண்டும். நாலு கதவையும் ஒவ்வொன்றாகத் திறந்து, உள் லைட் எரிகிறதா பாருங்கள். நம் பனியில் அந்தச் சுவிட்சுகள் துருப்பிடித்து ஒட்டிப்போய்த்தான் இருக்கும்.

இன்னொன்று. பெட்டியின் ஹேண்ட் பிரேக் வயர் எங்கே போகிறது என்று கையால் பின்தொடர்ந்து பாருங்கள். என் கூடப்பிறந்த தம்பியின் கடைக்கு வருகிற வண்டிகளில் பாதிக்கு மேல் அதை வண்டியின் பொடியில் (இரும்பு உடலில்) ஒரு ஸ்குருவில் எர்த் பண்ணித்தான் விட்டிருக்கிறார்கள். பெட்டிக்கு எப்போதும் பிரேக் இழுத்த மாதிரியே தெரியும்.

கந்தப்பளை_லீக்ஸ் (மாலை 6.05)
அக்கா, ஸ்டியரிங்குக்குக் கீழே கவரைக் கழற்றிப் பார்த்தேன். நீங்கள் சொன்னபடியே. பெட்டியில் இருந்து வரும் ஒரு வயர் நேரே பொடி ஸ்குருவில். ஐஜி வயரும் ஒன்றுதான் இணைத்திருக்கிறது, மற்றது டேப் சுற்றித் தொங்குகிறது. பின் இடது கதவைத் திறந்தால் உள் லைட் எரியவில்லை.

கொட்டகலை_அக்கா (6.20)
அப்படியானால் இன்றிரவு ரிமோட்டைத் தொடாதீர்கள். நாளைக்கு அம்மாவைச் சாவியில் எடுத்தே கூட்டிப் போங்கள். கொஞ்சம் முன்னாடி எழும்பி, நீங்களே உள்ளே இருந்து சூடாக்குங்கள். வண்டி எங்கே நிற்கிறது, வீட்டோடு ஒட்டியா?

கந்தப்பளை_லீக்ஸ் (6.28)
குசினிச் சுவரோடு. சைலன்சர் குசினி ஜன்னல் பக்கம்.

கொட்டகலை_அக்கா (6.35)
வீசிங் உள்ள அம்மாவுக்கு டீசல் புகையை ஜன்னல் வழியாகக் கால் மணி நேரம் ஊதினால் வண்டிக்குள் எவ்வளவு சூடிருந்தும் பயன் இல்லை. வண்டியைத் திருப்பி நிறுத்துங்கள், அல்லது இருபது அடி தள்ளி. வெளியே குளிர் என்று ஜன்னலை மூடினாலும் கூரைத் தகர இடைவெளியால் உள்ளே வரும்.

பழைய_டீசல் (6.50)
அம்மாவுக்காக என்று முதலிலேயே எழுதியிருந்தால் நானும் அப்படிப் பேசியிருக்க மாட்டேன் தம்பி. திருப்பி நிறுத்தும்போது முன்பக்கம் மேட்டைப் பார்க்கும், அப்போது கட்டையைப் பின் டயருக்குப் பின்னால் வையுங்கள். இரண்டு கட்டை.

மலைச்சாரல் (வெள்ளி, காலை 8.10)
கிளினிக் போனீர்களா அண்ணே?

நானுஓயா_ரிலே (ஞாயிறு, மாலை 4.00)
என்ன ஆயிற்று? இமோபிலைசர் இல்லை என்று ஒத்துக்கொள்கிறேன், விபரம் சொல்லுங்கள்.

கந்தப்பளை_லீக்ஸ் (செவ்வாய், இரவு 8.15)
வேலை அதிகம், வர முடியவில்லை. ஐஜி2 இணைத்தேன், டீசல் 15 விநாடி வைத்தேன். மூன்றாவது பிளக் செத்திருந்தது, மாற்றினேன். மூன்று காலை ஒரே சுற்றில் எடுத்தது. எல்லாருக்கும் நன்றி.

கொட்டகலை_அக்கா (8.22)
ஹேண்ட் பிரேக் வயர்?

கொட்டகலை_அக்கா (புதன், காலை 6.15)
தம்பி, வயரைப் பிரித்தீர்களா?

கந்தப்பளை_லீக்ஸ் (புதன், இரவு 9.30)
பிரித்தாச்சு அக்கா. பிரேக் சுவிட்சுக்கே கொடுத்தேன். பின் கதவுச் சுவிட்சும் புதிது. கோயில் முன்னால் உள்ள சமதரையில் நிறுத்தி, நியூட்ரலில் விட்டு, பிரேக்கை இறக்கி அமுக்கிப் பார்த்தேன். சிக்னல் லைட் மட்டும் மின்னியது, எடுக்கவில்லை. பூட்டின பிறகு பின் கதவைத் திறந்து மூடியும் பார்த்தேன், எடுக்கவில்லை. கட்டை இரண்டு அறுத்தாச்சு, கயிறு நாளைக்கு.