ஃபேரிங் என்பதற்கு ‘இழைவு’

நண்பர்களுக்கு வணக்கம்.

வீட்டில் சிறு மரப்படகு கட்டுகிறவர்கள் அதிக நேரம் செலவிடும் வேலைகளில் ஒன்று ஃபேரிங் (fairing), அதாவது படகின் கோடுகள் மேடு பள்ளமின்றி ஓடும்படி செய்வது. அதற்கு ஒரு தமிழ்ச்சொல் தேடுகிறோம்; ‘வழவழப்பாக்கல்’, ‘ஒழுகுவளைவு’, ‘சீர்வளைவு’ ஆகியவை இதுவரை வந்த பரிந்துரைகள். அவற்றில் ‘வழவழப்பாக்கல்’ எனக்குச் சரியாகப் படவில்லை. வழவழப்பு விரலுக்குத் தெரிவது. ஃபேரிங் என்பது கோட்டின் போக்கு பற்றியது. உப்புத்தாளால் பளபளவென்று தேய்த்த பலகையிலும் அலை அலையாக மேடு பள்ளம் இருக்கலாம்; பளபளப்பான பெயின்ட் பூசியதும் அது அப்படியே வெளியே தெரியும். சொரசொரப்பான பலகையின் கோடு குறையில்லாமல் ஓடுவதும் உண்டு.

வேலையைக் கவனித்தால் இந்த வேறுபாடு தெளிவாகும். வரைபடத்தில் உள்ள அளவுகளைத் தரையில் புள்ளிகளாகக் குறித்து, ஒவ்வொன்றிலும் ஓர் ஆணி அடித்து, அவற்றை ஒட்டி ஒரு மெல்லிய ரீப்பரை (நீள மரச்சட்டத்தை) வளைத்து வைக்கிறோம். கணு இல்லாத, நார் நேராக ஓடும் மரமாக அது இருக்க வேண்டும். கணு இருந்தால் அந்த இடத்தில் வளைவு முறியும். அப்புறம் ரீப்பருக்கு அருகே கண்ணை வைத்து நீளவாக்கில் பார்க்கிறோம். எங்காவது கோடு புடைத்துத் தெரிந்தால் அந்த இடத்து ஆணியைப் பிடுங்குகிறோம். ரீப்பர் தானாக நகர்ந்து நிற்கும் இடத்தில்தான் கோடு ஓட வேண்டும், குறித்த புள்ளி சற்றுத் தள்ளி இருந்தாலும். வங்குகளை, அதாவது படகின் விலா எலும்பு போன்ற குறுக்குச் சட்டங்களை, நிறுத்திய பிறகும் இதே கதைதான். குறைந்தது மூன்று வங்குகளின் மேல் ரீப்பரை வைத்து, எது துருத்துகிறது, எங்கே இடைவெளி விழுகிறது என்று பார்த்து இழைப்புளியால் எடுக்கிறோம்.

‘ஒழுகுவளைவு’ காதுக்கு இனிமையான சொல். ஆனால் படகுக்கு அது ஆகாது. படகு ஒழுகுகிறது என்றால் யாரும் வடிவத்தை நினைக்க மாட்டார்கள், உள்ளே வரும் தண்ணீரைத்தான் நினைப்பார்கள்.

‘சீர்வளைவு’ பற்றி நிறைய யோசித்தேன். பாடப்புத்தகத்தில் சீரான வேகம் என்றால் மாறாத வேகம். அந்தப் பழக்கத்தில் சீர்வளைவு என்றால் எங்கும் ஒரே அளவு வளைவு, அதாவது வட்டத்தின் ஒரு துண்டு என்று பொருள்படும். படகின் கோடு அப்படி இல்லை. அணியத்தை (படகின் முன்முனையை) நெருங்கும்போது ஒருவிதமாகவும் நடுவில் வேறுவிதமாகவும் வளையும். சில படகுகளில் எதிர்த்திசைக்கே திரும்பிவிடும். வளைவு மாறலாம், திடீரென்று மாறக்கூடாது. இதுதான் ஃபேரிங்கின் உயிர்.

எனவே நான் முன்வைப்பது ‘இழைவு’. ஒரு குரல் சுருதியோடு இழைகிறது என்கிறோம். ஒன்று அடுத்ததோடு தடங்கலின்றிச் சேர்வதை அந்தச் சொல் ஏற்கெனவே நமக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறது. தச்சு வேலையின் ‘இழைத்தல்’ இதற்குப் பக்கத்துச் சொல் என்பதும் எனக்குப் பிடித்திருக்கிறது. இழைப்பு கருவியால் செய்வது. இழைவு அதன் பயனாகக் கோட்டுக்குக் கிடைப்பது. இரண்டும் குழம்பாது. கண்ணாடி இழையும் (ஃபைபர்கிளாஸ்) இதே வேலையில் வருவதால் ‘இழைவளைவு’ என்று சேர்த்து எழுதுவதை மட்டும் தவிர்க்கலாம். ‘இழைவுக்கோடு’, ‘இழைவு பார்த்தல்’, ‘இழைவு கூட்டுதல்’ போதும்.

விமானத்திலும் மோட்டார் சைக்கிளிலும் ஃபேரிங் என்பது காற்றைக் கிழிக்க மாட்டும் மூடி. அதற்கு வேறு சொல் வேண்டும், இதோடு சேர்க்க வேண்டாம்.

வாக்கியத்தில் வைத்துப் பாருங்கள்: “பலகை ஒட்டுவதற்கு முன் வங்குகளின் இழைவு பார்; மூன்றாவது வங்கில் இழைவு கெட்டிருக்கிறது, கொஞ்சம் எடு.” என் காதுக்கு இது பட்டறையில் பேசுகிற தமிழாகவே கேட்கிறது.

ஒன்று மிச்சம் இருக்கிறது. உப்புத்தாள் ஒட்டிய, சற்று வளைந்துகொடுக்கும் நீளப் பலகையால் குறுக்கும் நெடுக்குமாகச் சாய்வாகத் தேய்ப்போமே, அந்தக் கருவி. குட்டைக் கட்டையால் தேய்த்தால் பள்ளத்துக்குள்ளேயே இறங்கி அதை இன்னும் ஆழமாக்கும். நீளமானது மேடுகளை மட்டும் தொடும். ‘இழைவுப்பலகை’ என்று எழுதலாமா, இல்லை தேய்ப்பதைச் சொல்லும் சொல் அதில் இருக்க வேண்டுமா?