மாதவிடாய் நின்ற பிறகு இதயத்துக்கு நடைப்பயிற்சி மட்டும் போதுமா?

வைகைக்கரை:
என் அண்ணிக்கு 52 வயது. மாதவிடாய் நின்று நான்கு வருடம் ஆகிறது. போன வாரப் பரிசோதனையில் கெட்ட கொழுப்பு எல்டிஎல் 158, பிபி 150/94. டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்தார். அண்ணியோ "நடந்தே சரி பண்ணிக்கிறேன்" என்று சீட்டை மடித்து பீரோவில் வைத்துவிட்டார். எனக்கு இதில் துளியும் உடன்பாடில்லை. பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜன் குறைந்தால் கொழுப்பு ஏறத்தான் செய்யும். 1996 முதல் அமெரிக்கப் பெண்களைத் தொடர்ந்து கவனித்த ஸ்வான் ஆய்வில், கடைசி மாதவிடாயை ஒட்டிய ஓராண்டில் எல்டிஎல் சட்டென்று ஏறுவது தெரிந்தது. உடம்பே மாறும்போது பழக்கத்தைக் குறை சொல்லி என்ன பயன்?

செவ்வந்தி:
ஈஸ்ட்ரோஜன் எல்லாருக்கும்தான் குறைகிறது சார். மாரடைப்பு எல்லாருக்குமா வருகிறது? அமெரிக்க நர்ஸ்கள் 84,129 பேரை 14 வருடம் தொடர்ந்து பார்த்தார்கள். புகைக்காமல், தினம் அரை மணி நேரம் உடற்பயிற்சி செய்து, எடையைக் கட்டுக்குள் வைத்து, நல்ல சாப்பாடு, அளவான மது என்று ஐந்தும் கூடிவந்திருந்தால் 82 சதவீத இதய பாதிப்புகள் வராமலே போயிருக்கலாம் என்று 2000-இல் கணக்குச் சொன்னார்கள்.

வைகைக்கரை:
ஐந்தில் ஒன்று மது! நம் வீட்டுப் பெண்களுக்கு அது எப்படிப் பொருந்தும்? தவிர, ஆரோக்கியமாக இருப்பவர்கள்தான் நடக்கவே போகிறார்கள். குலுக்கல் முறையில் பிரித்துச் செய்த சோதனையைப் பாருங்கள். மாதவிடாய் நின்ற 48,835 பெண்களில் ஒரு பகுதியினரை எட்டு வருடம் கொழுப்பு குறைத்துச் சாப்பிடச் சொன்னார்கள். இதய நோய் குறிப்பிடும்படி குறையவில்லை. 2006-இல் வந்த முடிவு இது.

செவ்வந்தி:
அந்தச் சோதனை எனக்கும் தெரியும். மொத்தக் கொழுப்பைத்தான் குறைக்கச் சொன்னார்கள். நல்ல எண்ணெய், கெட்ட எண்ணெய் என்று பிரிக்கவில்லை, உப்பைத் தொடவில்லை, நடக்கவும் சொல்லவில்லை. அதே ஆய்வுத் திட்டத்தில் 73,743 பெண்களின் நடையையும் பார்த்தார்கள். வேகமாக நடந்தவர்களுக்கும் கடுமையான உடற்பயிற்சி செய்தவர்களுக்கும் ஏறக்குறைய ஒரே அளவு பலன். நாள் முழுக்க உட்கார்ந்தே இருந்தவர்களுக்கு ஆபத்து கூடுதல். குறைந்த ஹார்மோனை மாத்திரையாகக் கொடுத்தும் பார்த்தார்களே, என்ன ஆனது? 16,608 பெண்களிடம் நடந்த அந்தச் சோதனையை 2002-இல் பாதியிலேயே நிறுத்தினார்கள். மார்பகப் புற்றுநோயும் மாரடைப்பும் கூடின.

வைகைக்கரை:
நான் ஹார்மோன் மாத்திரையைச் சொல்லவே இல்லை. பிபி மாத்திரையைச் சொல்கிறேன்.

ஓய்வுபெற்ற செவிலி:
ரெண்டு பேரும் கொஞ்சம் பொறுங்கள். முப்பது வருடம் வார்டில் நின்றவள் சொல்கிறேன். வேறு வேறு நாளில் அளந்தும் 140/90-க்கு மேலேயே நின்றால், நடந்து பார்க்கிறேன் என்று மாதக்கணக்கில் தள்ளிப்போடக் கூடாது. மாத்திரை வாங்கக் காசு இல்லையே என்பவர்களுக்கு 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கே வருகிறது.

அதற்காக மாத்திரையைப் போட்டுவிட்டு, கடைசிப் பந்தியாக உட்கார்ந்து, குழம்பு தீர்ந்துபோன சோற்றுக்கு மாங்காய் ஊறுகாயும் அப்பளமும் தொட்டுக்கொண்டால் பிபி எப்படி இறங்கும்? ஒரு நாளைக்கு மொத்தமே 5 கிராம் உப்பு, அதாவது ஒரு டீஸ்பூன்தான். கருவாடு சமைக்கிற நாளில் அது காலையிலேயே முடிந்துவிடும். தையல் டேப்பை எடுத்து இடுப்பைச் சுற்றி அளந்து பாருங்கள். நம் பெண்களுக்கு 80 சென்டிமீட்டரைத் தாண்டினாலே எச்சரிக்கைதான்.

இன்னொன்று. நாற்பது வயதுக்குள் கர்ப்பப்பையோடு சினைப்பையையும் எடுத்துவிட்டவர்களை யாருமே கணக்கில் எடுப்பதில்லை. அவர்களுக்கு இந்த ஆபத்து முன்கூட்டியே தொடங்கிவிடுகிறது. அப்புறம், பெண்களுக்கு மாரடைப்பு என்றால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்வார்கள் என்று எதிர்பார்க்காதீர்கள். நெஞ்சு வலி இருக்கலாம், ஆனால் தாடை வலி, முதுகு வலி, மூச்சிரைப்பு, குமட்டல், காரணமில்லாத அசதி என்றும் வரும். கேஸ் என்று ஓமத் தண்ணீர் குடித்துவிட்டுப் படுத்துக்கொள்வார்கள். அப்படித் தாமதமாக வந்தவர்களை நிறையப் பார்த்துவிட்டேன்.

வைகைக்கரை:
உப்பு விஷயம் சரி அம்மா, ஏற்கிறேன். ஆனால் அண்ணி காலை ஐந்து மணிக்கு அடுப்பை மூட்டினால் பத்து மணிக்குத்தான் உட்கார்கிறார். அந்த அரை மணி நேரத்தை எங்கிருந்து எடுப்பது? மாத்திரை போட அரை நிமிடம் போதும். அதனால்தான் முதலில் மாத்திரை என்கிறேன்.

செவ்வந்தி:
அதை அண்ணியிடம் கேட்காதீர்கள், அண்ணனிடம் கேளுங்கள். காலை டிபனை அவர் பார்த்துக்கொண்டால் அரை மணி நேரம் கிடைக்கும். குழம்பில் உப்பு குறைந்தால் முதலில் முகம் சுளிப்பது யார் என்றும் கேளுங்கள். பிபி மாத்திரையை இன்றே தொடங்கட்டும், செவிலியம்மா சொன்ன பிறகு அதில் நான் வாதாடவில்லை. ஆனால் கொழுப்புக்கு டாக்டர் சம்மதித்தால் மூன்று மாதம் நடந்து, சாப்பாட்டை மாற்றிவிட்டு மறுபடி ரத்தம் எடுத்துப் பார்க்கட்டும். எல்டிஎல் இறங்காவிட்டால் அப்போது மாத்திரை.

வைகைக்கரை:
மூன்று மாதம் காத்திருப்பதில் எனக்கு இன்னும் சம்மதமில்லை. அண்ணியின் அப்பாவுக்கு 54 வயதில் மாரடைப்பு வந்தது.

ஓய்வுபெற்ற செவிலி:
இதை ஏன் முதலிலேயே சொல்லவில்லை தம்பி? அந்த விவரம் டாக்டருக்குத் தெரியுமா? நாளைக்கே அண்ணியோடு போய்ச் சொல்லுங்கள். சர்க்கரையும் பார்க்கச் சொல்லுங்கள்.